இரண்டு லட்சுமிகளை ஒருவராக்கிவிடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு நோயாளி எந்த மருத்துவமனைக்குப் போனாலும், இதுவரை அவர் எங்கெங்கே என்னென்ன சிகிச்சை எடுத்துக்கொண்டார் என்பது அங்குள்ள மருத்துவருக்கு ஒரே இடத்தில் தெரியவேண்டும், சிதறிக் கிடக்கும் பதிவேடுகளை அப்படி ஒன்றுசேர்க்கும் வேலையைச் செயற்கை நுண்ணறிவிடம் ஒப்படைக்கலாம் என்ற பேச்சு சில காலமாகவே வலுத்துவருகிறது. அரசு மருத்துவமனைகளின் ரெக்கார்டு ரூமில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். இந்த முயற்சி இருபது ஆண்டுகளுக்கு முன்பே வந்திருக்கவேண்டியது என்றுதான் சொல்வேன். ஆனால் பதிவேடுகளைச் சேர்ப்பதைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள், தவறாகச் சேர்த்துவிட்டால் எப்படிப் பிரிப்பது என்பதைப் பற்றிப் பேசக் காணோம். அதைச் சொல்லத்தான் இக்கடிதம்.

எங்கள் விழுப்புரம் பக்கத்தில் நாள்பட்ட சர்க்கரை நோயாளி ஒருவர் மருத்துவமனைக்கு வந்தால் அவர் கையில் ஒரு மஞ்சப்பை இருக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த நோட்டு, அரசு மருத்துவமனையின் ஓ.பி. சீட்டுகள், தனியார் லேபில் எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவு, நாலாக மடித்து மடிப்போடு கிழிந்த டிஸ்சார்ஜ் சம்மரி, உறை போன எக்ஸ்ரே எல்லாம் அதில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். ஈ.சி.ஜி. தாள் சூட்டில் கோடு பதியும் வகையைச் சேர்ந்தது என்பதால், சில கோடைகள் கழிந்ததும் இதயத் துடிப்பின் கோடு மங்கிப்போய், முன்பே அச்சடித்திருந்த கட்டங்கள் மட்டும் மிஞ்சும். "போன தடவை நெஞ்சுவலி வந்தப்ப எடுத்தது சார்" என்று அந்த வெறுங்கட்டத் தாளை நீட்டுகிறவரிடம் மருத்துவர் என்ன சொல்ல முடியும்? புதிதாக ஒன்று எடுத்துவரச் சொல்வார். பழையதோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு போனது போனதுதான்.

நோயாளி ஒருவர்தான், ஆனால் அவரைப் பார்த்துக்கொள்ளும் துறைகள் பல. தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் பொது சுகாதாரத் துறையின் கீழும், வட்ட, மாவட்ட மருத்துவமனைகள் மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இயக்ககத்தின் கீழும், மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்தின் கீழும் இருக்கின்றன. இ.எஸ்.ஐ. மருத்துவமனை தனி, ரயில்வே மருத்துவமனை தனி. விழுப்புரம், கடலூர் மாவட்டத்துக்காரர்கள் பெரிய வியாதி என்றால் புதுச்சேரி ஜிப்மருக்குப் பஸ் ஏறுவார்கள். அது மத்திய அரசின் நிறுவனம். கர்ப்பிணிக்குப் பிக்மி எண், காசநோயாளிக்கு நிக்‌ஷய் எண், காப்பீட்டுக்கு இன்னோர் எண் என்று ஒரே உடம்புக்கு ஐந்தாறு எண்கள் இருந்தும், ஒன்றை வைத்து மற்றொன்றைக் கண்டுபிடிப்பது எளிதல்ல. கர்ப்பிணிகளுக்கு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கக் கொடுத்துச் சர்க்கரை பார்க்கிறோம்; அப்போது அளவு கூடுதலாக இருந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பது மருத்துவம் நன்கறிந்த செய்தி. ஆனால் பத்தாண்டு கழித்து, 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் ஊழியர் அதே பெண்ணின் வீட்டு வாசலில் நிற்கும்போது, அந்தப் பழைய பரிசோதனை முடிவு பெரும்பாலும் அவர் கைக்கு எட்டுவதில்லை.

2020 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்டு, புதுச்சேரி உள்ளிட்ட ஆறு யூனியன் பிரதேசங்களில் முதலில் சோதித்துப் பார்க்கப்பட்டு, 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் என்ற மத்திய அரசுத் திட்டம், இந்தச் சிக்கலுக்காகவே விரும்பும் ஒவ்வொருவருக்கும் ஆபா என்ற 14 இலக்க சுகாதார அடையாள எண்ணைக் கொடுக்கிறது. பதிவேடுகளை ஒரே கிடங்கில் குவிக்காமல், உருவான மருத்துவமனையிலேயே வைத்துக்கொண்டு, நோயாளி சம்மதித்தால் மட்டும் அடுத்த மருத்துவமனைக்குக் காட்டுவது என்பது அதன் ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் எண்ணோடு இணைத்துப் பதிந்தவை மட்டுமே அதில் வரும். அதற்கு முன்பு காகிதத்திலும், ஒன்றோடொன்று பேசாத மென்பொருள்களிலும் கிடக்கிறவற்றில் எது யாருடையது என்று கண்டறிந்து கோக்கும் இடத்தில்தான் செயற்கை நுண்ணறிவு நுழைகிறது. என் கவலையும் அங்கேதான் தொடங்குகிறது.

லட்சுமி என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். லட்சுமி, லெட்சுமி, லக்‌ஷ்மி, இலக்குமி என்று தமிழிலேயே நான்கு விதமாக எழுதுகிறோம். ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யும்போது இன்னும் பல விதங்கள் சேர்ந்துகொள்ளும். நமக்குக் குடும்பப்பெயர் வழக்கம் இல்லை, தலைப்பெழுத்துதான். அதுவும் திருமணத்துக்கு முன் தகப்பனார் பெயரின் எழுத்து, பின்னர் கணவர் பெயரின் எழுத்து. ஒரு சீட்டில் பெயருக்கு முன்னால் இருக்கும், இன்னொன்றில் பின்னால் இருக்கும். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போகிற வழக்கத்தால், முதல் குழந்தை பிறந்த பதிவேட்டில் வேறு மாவட்டத்து முகவரியும் அண்ணனுடைய கைப்பேசி எண்ணும், இரண்டாவது குழந்தையின் பதிவேட்டில் புகுந்த வீட்டு முகவரியும் கணவர் எண்ணும் இருக்கும். வயது கேட்டால் "ஒரு நாப்பது போடுங்க" என்பதுதான் பதில். பிறந்த தேதி தெரியாத மூத்தவர்களில் பலருக்கு ஆதாரில் ஜனவரி 1 என்றே இருக்கிறது. முதற்பெயர், குடும்பப்பெயர், பிறந்த தேதி என்ற மூன்று கால்களில் நிற்கிற சமூகத்துக்காகச் செய்த இணைப்பு மென்பொருளை அப்படியே கொண்டுவந்து நம் ஊரில் இறக்கினால், அதற்கு நிற்கக் கால் இருக்காது.

அதில் மனிதர்கள் மட்டும் தவறவில்லையா என்று கேட்பீர்கள். தவறியிருக்கிறோம், நானே தவறியிருக்கிறேன். பணியில் சேர்ந்த புதிதில், ஒரே ஊரைச் சேர்ந்த, ஒரே பெயரும் ஒரே தலைப்பெழுத்தும் கொண்ட, வயதிலும் ஓரிரண்டு மட்டுமே வித்தியாசப்பட்ட இரண்டு பெண்களின் கேஸ் ஷீட்டுகளை ஒருவருடையவை என்று நினைத்து ஒரே கட்டாகக் கட்டி வைத்துவிட்டேன். மறுமுறை வயிற்றுவலி என்று அவர்களில் ஒருவர் அட்மிட் ஆனபோது அந்தக் கட்டுதான் வார்டுக்குப் போயிற்று. பித்தப்பை முன்பே அகற்றப்பட்டது என்று பழைய தாள் சொல்ல, அன்று காலை எடுத்த ஸ்கேனோ பித்தப்பையில் கல் இருப்பதாகச் சொல்ல, அறுவை மருத்துவர் அந்த அம்மாளின் வயிற்றில் தழும்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே ரெக்கார்டு ரூமுக்கே இறங்கி வந்துவிட்டார். அவர் திட்டியது இன்றும் காதில் நிற்கிறது. ஆனால் கலந்தது ஓர் அறையில், ஒரே ஒரு கட்டுக்குள். சணலை அவிழ்த்து, கையெழுத்தையும் ஐ.பி. எண்ணையும் பார்த்துப் பார்த்து ஒரு மணி நேரத்தில் பிரித்துவிட்டோம். முரண்பாடு கண்ணில் பட்டதும் எங்கள் அதிர்ஷ்டம். பென்சிலின் ஒவ்வாமை என்ற குறிப்பு ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மாறிப்போயிருந்தால், தழும்பைப் போல அதைப் பார்த்துக் கண்டுபிடித்திருக்க முடியாது. இதே கலப்படம் கணினியில் நடந்தால், அது ஒரே நேரத்தில் எல்லா மருத்துவமனைத் திரைகளுக்கும் போய்ச் சேரும்; அதை நம்பி எழுதப்படும் அடுத்த மருந்துச் சீட்டும், அந்தச் சீட்டை வைத்து எழுதப்படும் அடுத்த சம்மரியும் அந்தத் தவற்றையே சாட்சியாக்கிக்கொண்டு வளரும்.

ஆகவே, சேர்க்கவேண்டியதைச் சேர்க்காமல் விடுவதையும் சேர்க்கக்கூடாததைச் சேர்ப்பதையும் சம எடையுள்ள பிழைகளாகக் கணக்கிட்டு, "இத்தனை சதவீதம் துல்லியம்" என்று ஒற்றை எண்ணைக் காட்டினால் நாம் ஒப்புக்கொள்ளக் கூடாது. முதலாவது பிழையால் நோயாளி இன்று இருக்கிற நிலையிலேயே, மஞ்சப்பையோடு நிற்பார். இரண்டாவது பிழை ஆளைக் கொல்லலாம். பதிவேடுகளை இணைக்கும் கலை புதிதல்ல. ஐவன் ஃபெல்லெகி, ஆலன் சன்டர் என்ற இரு புள்ளியியலாளர்கள் 1969இல் வகுத்துக் கொடுத்த முறையிலேயே மூன்று கூடைகள் உண்டு: உறுதியாக ஒருவரே, உறுதியாக வேறொருவர், இரண்டுக்கும் நடுவே சந்தேகமானவை. அந்த நடுக்கூடை மனிதக் கண்களுக்கு உரியது. இன்றைய நுண்ணறிவுக் கருவிகள் அந்தக் கூடையைச் சிறிதாக்கிக் கொடுக்கும்; அதற்காக அவற்றைப் பாராட்டலாம். கூடையே இல்லாமல் செய்துவிட்டோம் என்று ஒரு நிறுவனம் பெருமை பேசினால் அதைத்தான் சந்தேகிக்கவேண்டும். அந்தக் கூடையை உட்கார்ந்து பார்ப்பதற்கு ரெக்கார்டு ரூமில் ஆள் வேண்டும் என்பதையும், திட்ட மதிப்பீடு போடுகிறவர்கள் மென்பொருளுக்குப் பணம் ஒதுக்கும்போதே நினைவில் வைத்தால் நல்லது. (ஓய்வுபெற்ற பின்பும் பணியிடங்களுக்காக வாதாடுகிறான் என்று என் பழைய நண்பர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.)

கையெழுத்தையும் சுருக்கங்களையும் படிப்பது அடுத்த சிக்கல். "நோ ஹெச்/ஓ டி.பி." என்று மருத்துவர் எழுதினால், காசநோய் வந்த வரலாறு இல்லை என்று பொருள்; முதல் சொல்லைக் கருவி தவறவிட்டால் காசநோயாளி ஆகிவிடுவார். எம்.எஸ். என்ற இரண்டெழுத்து இதய வார்டில் மைட்ரல் வால்வு சுருக்கத்தையும் நரம்பியல் வார்டில் மல்டிபிள் ஸ்கிலரோசிஸ் என்ற வேறொரு நோயையும் குறிக்கும். மொழி மாதிரிகள் என்று சொல்லப்படும் புதிய கருவிகள் இவற்றைச் சூழலை வைத்துப் பெரும்பாலும் சரியாகவே படிக்கின்றன என்றாலும், படிக்க முடியாத இடத்தில் நிறுத்திக்கொள்ளாமல், பொருத்தமாகத் தோன்றுவதைச் சரளமாக எழுதி நிரப்பிவிடும் பழக்கமும் அவற்றுக்கு இருக்கிறது. தாளில் மை கொட்டியிருந்தால் நாங்கள் "தெளிவில்லை" என்று எழுதுவோம். கருவியும் அப்படி எழுதப் பழகவேண்டும். அது எடுத்துக் கொடுக்கும் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் மூலத்தாளின் படம் ஒரு தட்டில் திறக்கவேண்டும்.

சம்மதம் பற்றியும் ஒரு வார்த்தை. எய்ட்ஸ் தடுப்புச் சட்டமும் மனநலப் பராமரிப்புச் சட்டமும், இரண்டுமே 2017இல் வந்தவை, நோயாளியின் அந்தரங்கத்துக்குத் தனிப் பாதுகாப்பு தருகின்றன. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023இல் ஒரு சட்டம் வந்திருக்கிறது. சட்டங்கள் இப்படி இருக்க, காலை ஒன்பது மணிக்கு ஓ.பி. கவுன்டரில் நடப்பது வேறு. பின்னால் நூறு பேர் நிற்க, "ஓ.டி.பி. சொல்லுங்கம்மா" என்று குரல் வரும், அந்த அம்மாள் திருப்பூரில் இருக்கும் மகனுக்குப் போன் போட்டு ஆறு இலக்கத்தைக் கேட்டுச் சொல்வார். அவர் எதற்குச் சம்மதித்தார் என்று அவருக்கும் தெரியாது, மகனுக்கும் தெரியாது. பல்வலிக்கு வந்தவரின் மனநலச் சிகிச்சை விவரம் பல் மருத்துவரின் திரையில் தானாக விரியக் கூடாது. விபத்தில் நினைவிழந்து வருகிறவருக்கு மட்டும், ரத்த வகை, ஒவ்வாமை, எடுத்துக்கொள்ளும் மருந்துகள் போன்றவற்றை அவசரத்தில் பார்க்க விதிவிலக்கு வேண்டும். யார் பார்த்தார், எப்போது பார்த்தார் என்பது பதிவாகிப் பிறகு அவருக்குத் தெரிவிக்கப்படவும் வேண்டும்.

நோயாளியோ அவரது பொறுப்பாளரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவேட்டைக் கொடுக்கவேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதிகள் சொல்கின்றன. இதைக் கேட்டு வாங்கியவர்களை என் பணிக்காலத்தில் விரல்விட்டு எண்ணிவிடலாம். இணைக்கப்பட்ட பதிவேட்டையாவது நோயாளி கேட்காமலே, அவருக்குப் புரிகிற தமிழில், அவர் கையில் கொடுத்துவிடவேண்டும். "இந்த ஆபரேஷன் எனக்கு நடக்கவே இல்லை" என்று முதலில் சொல்லக்கூடியவர் அவர்தான். அப்படிச் சொன்னால் யாரிடம் போகவேண்டும், எத்தனை நாளில் பிரித்துக் கொடுப்பார்கள், தவறான விவரம் ஏற்கெனவே போய்ச் சேர்ந்த மருத்துவமனைகளுக்கெல்லாம் திருத்தம் போனதா என்று எப்படித் தெரிந்துகொள்வது ஆகியவை திட்டத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கவேண்டும்.

சுகாதாரத் துறைக்கு என் வேண்டுகோள் இதுதான். மாநிலம் முழுவதும் ஒரே நாளில் தொடங்காமல், ஏதாவது ஒரு மாவட்டத்தில் பிக்மி பதிவேடுகளையும் சர்க்கரை, ரத்த அழுத்த நோயாளிகளின் பதிவேடுகளையும் மட்டும் இந்தக் கருவியைக் கொண்டு இணைத்துப் பார்க்கட்டும். இணைத்தவற்றில் சிலவற்றைக் குலுக்கலில் எடுத்து, கிராம சுகாதாரச் செவிலியரை வீட்டுக்கு அனுப்பி, "இந்தப் பிரசவம் உங்களுடையதுதானா அம்மா?" என்று கேட்கச் சொல்லட்டும். இல்லை என்று எத்தனை பேர் சொன்னார்கள் என்ற கணக்கைத் தங்கள் நாளேட்டில் நாங்கள் படிக்கும்படி வெளியிட்டுவிட்டு, அடுத்த மாவட்டத்துக்குப் போகட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மெடிக்கல் ரெக்கார்டு டெக்னீஷியன்,
விழுப்புரம் மாவட்டம்.