லிஃப்டில் போடுகிற இசையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் இசைப் பக்கத்தில் டிக்கி இசையை, அதாவது 1950-களில் அமெரிக்காவில் தென்கடல் தீவுகளின் சாயலில் வந்த மெல்லிசையை, ‘ஓட்டல் லிஃப்டில் போடுகிற சமாச்சாரம்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் உங்கள் கட்டுரையாளர். அதை வளர்த்த லெஸ் பாக்ஸ்டர், மார்ட்டின் டெனி, ஆர்தர் லைமன் எல்லாம் யாரென்று தங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. தெரிந்தும் அந்த வரியை விட்டுவிட்டீர்களே என்பதுதான் என் வருத்தம்.

மூர் மார்க்கெட் எரிவதற்கு முன்பு, அங்கே பழைய இசைத்தட்டுக் குவியலில் டெனியின் ‘எக்ஸாட்டிகா’ எனக்குக் கிடைத்தது. 1957-இல் வெளிவந்த தட்டு. முதல் பாட்டு பாக்ஸ்டர் எழுதிய ‘க்வயட் வில்லேஜ்’. பியானோவில் கீழ் ஸ்தாயியில் ஒரே சுரக்கட்டு விடாமல் வந்துகொண்டிருக்கும். அதன்மேல் தவளைச் சத்தம், பறவைக் குரல், அப்புறம் அப்போது டெனி குழுவில் இருந்த லைமனின் வைப்ரஃபோன், உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் கருவி. ஒரு சுரத்தைத் தட்டிவிட்டு அது தானாக அடங்கும்வரை காத்திருப்பார் மனிதர். லிஃப்டில் போகிறவருக்கு அந்தப் பொறுமை எங்கே இருக்கிறது?

அந்தத் தவளையும் சும்மா வந்ததல்ல. ஹவாயின் ஹொனலுலுவில் டெனி குழு வாசித்த ‘ஷெல் பார்’ என்ற மதுக்கூடத்தை ஒட்டி ஒரு குளம். வாசித்தால் தவளைகள் கத்தும், நிறுத்தினால் அடங்கும். குழுவினர் பதிலுக்குப் பறவைபோலக் குரல் கொடுக்க, கேட்டவர்கள் அதையே திரும்பக் கேட்டு வந்தார்கள். மிருதங்கம் வாசிக்கும் என் தம்பி, அந்தக் குழுவின் தாளக்காரர் ஆகி கோலோனின் போங்கோ என்ற இரட்டைச் சிறு முரசு வரும் இடத்துக்கு ஊசியைத் திருப்பி வைக்கச் சொன்னான். அவனுக்கு யாரும் டிக்கி என்று சொல்லிக்கொடுக்கவில்லை.

‘போலி ஹவாய்’ என்றும் எழுதியிருக்கிறார். டெனி நியூயார்க்காரர்தான். தீவு அலங்காரம் செய்த டிக்கி மதுவிடுதிகளும் 1930-களில் கலிஃபோர்னியாவில் பிறந்த கற்பனைதான். யார் மறுத்தார்கள்? ஆனால் லைமன் ஹவாயிலேயே பிறந்தவர். ஹொனலுலுவின் வைகிகியில் தொழிலதிபர் கைசரின் அலுமினியக் குவிமாடத்துக்குள், வண்டிச் சத்தம் அடங்கிய நள்ளிரவுக்குப் பிறகு உட்கார்ந்து ஒலிப்பதிவு செய்தவர். இரவுக் குளிரில் அந்தக் குவிமாடம் முனகுவதுகூடச் சில பதிவுகளில் கேட்கும். அவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

‘நமக்குச் சம்பந்தமில்லாத இசை’ என்பது இன்னொரு தீர்ப்பு. ஹவாயன் கிட்டார் கலைஞர் டாவ் மோ 1940-களில் குடும்பத்தோடு கல்கத்தாவில் தங்கி வாசித்தவர். அந்தக் கிட்டார் நம் சினிமாப் பாட்டுகளில் எத்தனை இடத்தில் குழைகிறது என்று ஒரு முறை கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். 2005-இல் டெனி மறைந்தபோது தங்கள் இதழில் ஒரு பெட்டிச் செய்திகூட வரவில்லை. 2008-இல் இதே பாணியில் பாடிய பெரு நாட்டுப் பாடகி ஈமா சுமாக் மறைந்தபோதும் இல்லை. இரண்டு முறையும் கடிதம் எழுதினேன். வந்து சேர்ந்ததா என்றுகூடத் தெரியாது. அப்புறம் மேல்நாட்டு இசைப் பகுதியையே நிறுத்தினீர்கள். இடமில்லை என்றீர்கள். இப்போது ஏளனத்துக்கு இடம் கிடைத்திருக்கிறது. பழைய வாசகர்களுக்கு இது வலிக்கும் ஐயா.

கட்டுரையின் கடைசியில் ‘கேட்கவேண்டியவை’ என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறீர்கள். அடுத்த இதழில் அதில் லைமனின் ‘டபூ’ (1958) என்ற ஒரு தட்டைச் சேர்த்தால் போதும்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
திருவல்லிக்கேணி