பெயர் ஏறட்டும், அப்புறம் கூப்பிடு

அன்புள்ள கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. போனில் பேசினால் நான் சத்தம் போட்டுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

அமெரிக்காவில் நீ உதவிக் கோச்சாக இருக்கும் கல்லூரியில் உன் ஹெட் கோச் கேட்டது இதுதானே? பக்கத்து மாநிலக் கல்லூரியில் லாங் ஜம்ப் தாண்டும் அந்தப் பெண்ணுக்கு அங்கே மனசு ஒட்டவில்லையாம். அவளுடைய அப்பா அம்மா தமிழர்கள். நீ தமிழில் ஒரு வார்த்தை பேசி, வருவார்களா என்று பார்க்க வேண்டும். "பிள்ளையிடம் பேசவில்லையேப்பா, பெத்தவங்ககிட்டதானே" என்று நீயும் இழுத்தாய். அந்த இழுப்பைக் கேட்டதும், உனக்கும் இது உறுத்துகிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

விதியை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. வேறு கல்லூரிக்கு மாற வேண்டும் என்று அவள் தன் கல்லூரிக்கு எழுதிக் கொடுத்து, மாற விரும்புகிறவர்களின் பட்டியலான டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் பெயர் ஏறும் வரைக்கும் வேறு கல்லூரிக்காரர்கள் அவளிடம் பேசக்கூடாது, வீட்டாரிடம் பேசக்கூடாது, பழைய கோச்சைப் பிடித்தும் பேசக்கூடாது. அங்கே கல்லூரி விளையாட்டை நடத்தும் சங்கமான என்சிஏஏ இதைத் தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறது. நம் ஊரில் இதை ஆளைக் கலைப்பது என்போம். அங்கே இது கோர்ட் வரைக்கும் போகிறது. தங்கள் அமெரிக்கன் ஃபுட்பால் வீரர் ஒருவரைக் கலைத்துவிட்டார்கள் என்று விஸ்கான்சின் பல்கலைக்கழகம் 2025 ஜூனில் மியாமி பல்கலைக்கழகத்தின் மேல் வழக்கே போட்டிருக்கிறது.

பிள்ளைகளைக் கட்டிப்போட வேண்டும் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. நீ அங்கே விளையாடிக்கொண்டிருந்தபோது, வேறு கல்லூரிக்கு மாற முடியாமல் 2018 மார்ச்சில் ராத்திரி இரண்டு மணிக்கு அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது. அப்போதெல்லாம் கல்லூரி அனுமதி தராமல் வேறு கோச் உன்னிடம் பேசவே முடியாது. அனுமதி இல்லாமல் போனால், போன இடத்தில் ஒரு வருடத்துக்கு விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது. உன் கோச் அந்த அனுமதிக் காகிதத்தை மாதக்கணக்கில் மேஜைக்குள் வைத்திருந்தார். அந்த அக்டோபரில் போர்ட்டல் வந்தது. நீ எழுதிக் கொடுத்த இரண்டு வேலை நாளில் பெயரைப் போட்டே ஆக வேண்டும் என்றானது. அப்புறம் 2024-இல், படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை முறை மாறினாலும் உடனே போட்டியில் இறங்கலாம் என்று இன்னும் திறந்துவிட்டார்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் கதவைத் திறக்கிற கை அந்தப் பெண்ணுடையதாக இருக்க வேண்டும்.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். 1994-இல், நான் நம் பள்ளியில் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து ஊர்ப் பள்ளியில் ஒரு பையன் டிரிப்பிள் ஜம்ப்பில் பிரமாதமாகத் தாண்டிக்கொண்டிருந்தான். அவனுடைய அம்மாவுக்கு நம் ஊர்தான் பிறந்த வீடு. ஒரு சாயங்காலம் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், "நம்ம ஊருப் புள்ள, நம்ம பள்ளிக்கூடத்துல இருக்கட்டும் அக்கா" என்றேன். ஹாஸ்டலுக்கும் ஷூவுக்கும் நான் பொறுப்பு என்றேன். அந்த அம்மா முறைக்காகத் தலையாட்டினார். பையனை யாரும் கேட்கவில்லை. அவனுடைய பி.டி. சாருக்கு டி.சி. கேட்டுப் போனபோதுதான் விஷயமே தெரிந்தது. ஜோனல் மீட்டில் அவர் என்னைப் பார்த்தார். சண்டை போடவில்லை. பையில் இருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக் கொடுத்தார். அந்தப் பையன் ஏழாம் வகுப்பில் இருந்து தாண்டிய ஒவ்வொரு தாண்டலும், ரன்னப் எத்தனை அடி, இடது முழங்கால் எப்போது வலித்தது எல்லாம் அதில் இருந்தது. "முழங்காலைப் பாத்துக்குங்க சார்" என்று மட்டும் சொன்னார். நான் பார்த்துக்கொள்ளவில்லை. மாவட்டப் போட்டிக்காக வலியோடு இறக்கினேன். அடுத்த வருடம் அவன் தாண்டவே இல்லை. அந்த நோட்டு இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

முறை சொல்லிப் பேசினால் எதிரில் இருப்பவர்களுக்கு மறுக்க வாய் வராது. உன் ஹெட் கோச்சுக்கு அது தெரியாமல் இருக்கலாம். உனக்குத் தெரியும். தமிழில் கேட்கிற உன் குரலை நம்பி அவர்கள் மகளை எழுதிக் கொடுக்கச் சொல்லிவிடுவார்கள். பெயர் ஏறிவிட்டால், அந்த செமஸ்டர் முடிந்ததும் பழைய கல்லூரி ஸ்காலர்ஷிப்பை நிறுத்திக்கொள்ளலாம். நடுவில் உங்கள் கோச் மனம் மாறினால் அந்தப் பிள்ளை எங்கே போய் நிற்பாள்?

அவளே முடிவெடுத்து வந்தால் கட்டாயம் பேசு. ஆனால் 2019-இல் நீ மாறிப் போன கல்லூரியில் உனக்குச் சொன்னதுபோல் சொல்லாதே. "முன்பு படித்த பாடங்களின் எல்லா கிரெடிட்டும் ஏற்றுக்கொள்வார்கள்" என்றார்களே, கடைசியில் நீ இரண்டு கோடை விடுமுறையில் உட்கார்ந்து படித்தாய். போட்டியில் இறங்க, இரண்டு வருடம் முடிந்தால் டிகிரியில் 40 சதவீதம், மூன்று முடிந்தால் 60, நான்கு முடிந்தால் 80 படித்து முடித்திருக்க வேண்டும் என்று கணக்கு இருக்கும்போது, எந்தப் பாடம் தேறும், எது தேறாது என்று எழுத்தில் வாங்கிக் கொடு. பணத்தையும் உடைத்துச் சொல். கல்லூரிகள் 2025-இல் இருந்து வீரர்களுக்கு நேராகவே பணம் கொடுக்கலாம், முதல் வருடத்துக்கு ஒரு கல்லூரிக்கு உச்சவரம்பு சுமார் 2 கோடி டாலர் என்று படித்தேன். அதில் பெரும்பங்கு ஃபுட்பாலுக்கும் பாஸ்கெட்பாலுக்கும் போகிறது. லாங் ஜம்ப்புக்கு எவ்வளவு வரும் என்று உனக்குத் தெரியும், அதைச் சொல். உன் டீமில் ஏற்கெனவே இருக்கும் இரண்டு ஜம்பர்களிடமும் அவள் வரும் முன்பே பேசிவிடு. அவர்களுடைய இடமும் இதில் இருக்கிறது.

ஹெட் கோச்சிடம் முடியாது என்று சொல்ல பயமாக இருந்தால், முதலில் விதிகளைக் கவனிக்கும் உங்கள் கல்லூரியின் கம்ப்ளையன்ஸ் ஆபீஸில் போய் விதியைக் கேட்டு, அவர்கள் சொன்னதை மெயிலில் வாங்கிக்கொள். வேலைக்கு ஆபத்து வந்தால் ஊருக்கு வா, பார்த்துக்கொள்ளலாம். நான் வெறும் வார்த்தைக்குச் சொல்லவில்லை.

அந்த நோட்டைப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்புகிறேன். கடைசிப் பக்கத்தை மட்டும் பார். முழங்கால் பற்றி அவர் எழுதியதற்குக் கீழே தேதி போட்டிருக்கிறார். நான் அந்தப் பையன் வீட்டுக்குப் போனதற்கு முந்தின நாள்.

அன்புடன்,
அப்பா