கத்திரி வெயிலுக்கு முன் பிபிஎல்என் படிகம் வாங்குவோருக்கு

தஞ்சாவூர்

கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர், மயிலாடுதுறை, திருச்சி கல்லூரிகளின் இயற்பியல் ஆசிரியர்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் வணக்கம்.

இனி பிபிஎல்என் (சீரான இடைவெளியில் துருவத் திசையைப் புரட்டிய லித்தியம் நியோபேட்) படிகத்துக்கு ஆர்டர் அனுப்பும்போது, அது எந்த வெப்பநிலையில் வேலை செய்ய வேண்டும் என்பதையும் எழுதுங்கள். 50 டிகிரிக்குக் கீழே வேலை செய்யும் படிகத்தை நாங்களாகப் பரிந்துரைக்கப் போவதில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

நீங்கள் பெரும்பாலும் கேட்பது 1064 நானோமீட்டர் அகச்சிவப்பை 532 பச்சையாக்கும் படிகம். ஒளியின் அதிர்வெண்ணை இப்படி இரட்டிப்பாக்குவதை 1961-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஃபிராங்கன் குழு ரூபி லேசரையும் குவார்ட்ஸையும் வைத்துக் காட்டியது. கிடைத்த புற ஊதா மிக மங்கல். அச்சில் வந்த படத்தில் அம்புக்குறி உண்டு, அது காட்டும் புள்ளி இல்லை!

மங்கலுக்குக் காரணம் வேகம். படிகத்துக்குள் பச்சை, அகச்சிவப்பைவிட மெதுவாகப் போகிறது. லித்தியம் நியோபேட்டில் மூன்றரை மைக்ரான் போவதற்குள், புதிதாகப் பிறக்கும் பச்சை முன்பு பிறந்ததை அழிக்கத் தொடங்குகிறது. ஊஞ்சல் திரும்பி வரும்போதும் முன்பக்கமே தள்ளினால் அது நின்றுவிடும் அல்லவா? தள்ளும் திசையையும் கூடவே மாற்றினால் வேகம் ஏறும். 1962-இல் இயற்பியலாளர் புளூம்பெர்கனும் அவருடன் இருந்தவர்களும் சொன்ன வழி இதுதான்: படிகத்தின் துருவத் திசையை அந்தந்த இடத்தில் புரட்டிவிடுவது. மில்லிமீட்டருக்குச் சுமார் 21 கிலோவோல்ட் மின்புலம் கொடுத்து இதைச் சீராகச் செய்ய 1990-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இப்போது 1064-க்கான படிகத்தில் ஏறக்குறைய 7 மைக்ரானுக்கு ஒருமுறை, புரட்டிய பகுதி ஒரு வரியாகத் திரும்ப வருகிறது. அருமையான வேலைப்பாடு, மைக்ராஸ்கோப் இருந்தால் மாணவர்களுக்குக் காட்டுங்கள்.

சரி, வெப்பத்துக்கு வருவோம். சூடு மாறினால் ஒளிவிலகல் எண் மாறும். அதனால் ஒரு வரி இடைவெளிக்கு ஒரு வெப்பநிலைதான் பொருந்தும். 10 மில்லிமீட்டர் நீளப் படிகத்தில் ஓரிரு டிகிரி விலகினாலே பச்சை வெகுவாகக் குறையும். நீளம் கூடினால் இன்னும் கண்டிப்பு. ஆனால் படிகத்தை வைக்கும் ஓவன் சூடாக்க மட்டுமே செய்யும், குளிர்விக்காது. 30 டிகிரிக்கு வடிவமைத்த படிகம் குளிரான ஆய்வகத்தில் நன்றாக இருக்கும். நம் ஊரில் மே மாதம் கரண்ட் போய் ஏசி நின்றால் அறையே 35-ஐத் தாண்டிவிடும், அப்புறம் ஓவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். வரி இடைவெளியைச் சற்றே குறைத்தால் வேலை வெப்பநிலை மேலே போய்விடும். 60 டிகிரியில் வைத்துக்கொண்டால் கத்திரியும் மார்கழியும் ஒன்றுதான்.

பச்சை வரவில்லை என்றால் படிகத்தைத் திருப்பி அனுப்புமுன் இரண்டைப் பாருங்கள். லேசரின் முனைவாக்கம் (ஒளி அலை அதிரும் திசை) படிகத்தின் தடிமன் திசையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் அதை மாற்றும் அரை அலைத் தகட்டைத் திருப்புங்கள். பிறகு வெப்பத்தை அரை டிகிரி அரை டிகிரியாக நகர்த்தித் தேடுங்கள். சட்டென்று ஏற்றாதீர்கள்: சூடு மாறும்போது இந்தப் படிகத்தின் முகங்களில் மின்னூட்டம் சேரும், வேகமாக ஏற்றினால் விரிசல்கூட விழலாம்.

மக்னீசியம் ஆக்சைடு கலந்த வகையையே கேளுங்கள். கலக்காதது பச்சை ஒளி பட்டே கெடும்.

1064 கண்ணுக்குத் தெரியாது. இரண்டு அலைநீளத்துக்கும் பொருந்தும் பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் யாரையும் மேஜைப் பக்கம் விடாதீர்கள்.

ஆர்டரில் லேசரின் அலைநீளம், சக்தி, கற்றையின் அகலம், உங்களிடம் உள்ள ஓவன் எத்தனை டிகிரி வரை போகும் என்ற விவரங்களை எழுதினால் போதும். வரி இடைவெளியை நாங்கள் கணக்கிட்டு, ஆர்டர் போடுமுன் உங்களுக்குக் காட்டுகிறோம்.

அன்புடன்,
ஒளியியல் உதிரிப் பிரிவு