அக்கா, உன் முகவரியைக் கொடுத்துவிட்டேன்

அக்கா,

உன்னைக் கேட்காமல் உன் வீட்டு முகவரியை ஒரு படிவத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஜூன் மாதம் கொடுத்தது. செப்டம்பர் வந்துவிட்டது, இன்னும் உன்னிடம் சொல்லவில்லை.

இங்கே ஹூஸ்டனில், இவருடைய டயாலிசிஸ் மையத்தில் புயல் காலம் தொடங்கும்போது எல்லோருக்கும் ஒரு தாள் தருகிறார்கள். புயல் வந்தால் எங்கே போவீர்கள், யார் வீடு, என்ன உறவு. போன வருடம் 'ஹோட்டல்' என்று எழுதினேன். எந்த ஹோட்டல், எந்த ஊர், அங்கே பக்கத்தில் மையம் இருக்கிறதா என்று அந்த நர்ஸ் ஒவ்வொன்றாகக் கேட்டாள். எதற்கும் என்னிடம் பதில் இல்லை. இந்த வருடம் கேட்டி என்று உன் ஊர்ப் பெயரை எழுதினேன். வீட்டு எண், தெரு எல்லாம் யோசிக்காமலே வந்தது. உறவு என்ற இடத்தில் ஸிஸ்டர் என்று போட்டேன். மூத்தவளா இளையவளா என்று அந்தத் தாள் கேட்கவில்லை.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். மூன்றாவது நிமிடத்தில் நம்மில் யாராவது ஒருத்தி வைத்துவிடுவோம். இங்கே எழுதினால் கடைசி வரி வரை படிப்பாய். படிக்கிறாய் என்று எனக்குத் தெரியும். போன மாதம் நான் எழுதியதில் ஓர் ஒற்றுப்பிழை இருந்ததாக உன் பெண் என் பெண்ணிடம் சொன்னாளாம். உன் பெண்ணுக்குத் தமிழ் படிக்க வராது.

உன்னைத் தவிர மற்றவர்களும் படிக்கிறார்கள். பெரியப்பா வீட்டுக்காரர்கள், கோவிலில் பார்க்கிறவர்கள், யார் யாரோ. அதனால் 2005 கோடையில் உன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நடந்ததை இங்கே எழுதப்போவதில்லை. யார் முதலில் எழுந்து போனது என்பதையும் எழுதவில்லை. அத்தான் படித்தால், வணக்கம் அத்தான், இது உங்களைப் பற்றி இல்லை.

இந்த 22-ஆம் தேதியோடு ரீட்டா புயலுக்கு 20 வருடம்.

கிளம்பியது தப்பில்லை. அதை இன்றைக்கும் சொல்வேன். கத்ரீனா முடிந்து நான்கு வாரம்கூட ஆகவில்லை, நியூ ஆர்லியன்ஸில் கூரை மேல் நின்று கையசைத்தவர்களை டிவியில் பார்த்த கண் இன்னும் மூடவில்லை. புதன்கிழமை ரீட்டா ஐந்தாம் வகைக்கு, அதாவது உச்ச வகைக்கு, ஏறிவிட்டது. நாங்கள் இருந்தது கிளியர் லேக், கடல் எழுந்தால் முதலில் நனைகிற பக்கம். எங்களைக் கிளம்பச் சொன்னார்கள், கிளம்பினோம். உங்களை யாரும் கிளம்பச் சொல்லவில்லை, நீ கிளம்பவில்லை. நீயும் சரி. கிளம்ப வேண்டாதவர்கள் லட்சக்கணக்கில் வண்டியை எடுத்ததால்தான் கிளம்ப வேண்டியவர்கள் நடுரோட்டில் நின்றார்கள். உன்னைப்போல எல்லோரும் இருந்திருந்தால் நாங்கள் நாலு மணி நேரத்தில் டாலஸ் போயிருப்போம். பார், உன்னைப் பாராட்டியாகிவிட்டது.

ஆனால் டாலஸ் எதற்கு? அதுதான் கேள்வி, அதை நீ என்னிடம் ஒருமுறைகூட நேராகக் கேட்டதில்லை. இங்கே அவசரகால அதிகாரிகள் வருடா வருடம் சொல்கிற பாடம் ஒன்று உண்டு: தண்ணீருக்கு ஓடு, காற்றுக்கு ஒளிந்துகொள். கடல் வராத இடத்துக்குப் போய்விட்டால் போதும், அதற்குமேல் உறுதியான கூரையும் ஜன்னலில்லாத ஓர் அறையும் இருந்தால் காற்றைச் சமாளித்துவிடலாம். பத்து இருபது மைல், மிஞ்சிப்போனால் ஐம்பது மைல். உன் வீடு சரியாக ஐம்பது மைல். நான் இருநூற்று அறுபது மைல் தள்ளி இருக்கிற ஊருக்கு வண்டியைத் திருப்பினேன், வயிற்றெரிச்சலில். இந்த ஒரு சொல்லுக்கு இருபது வருடம் ஆயிற்று.

மற்றதெல்லாம் உனக்குத் தெரியும். எத்தனை மணி நேரம், எந்த ஆஸ்பத்திரி, எத்தனை பாட்டில் குளுக்கோஸ். தெரியாத ஒன்று இருக்கிறது.

கான்ரோ தாண்டி எங்கேயோ. வியாழன் சாயந்திரம் ஆறு மணி இருக்கும். விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பியவர்கள் நாங்கள். வழியில் பார்த்த பங்க்குகளில் எல்லாம் பம்புக் குழாய்க்குப் பிளாஸ்டிக் பையைக் கட்டி வைத்திருந்தார்கள். பெட்ரோல் போய்விடும் என்று ஏசியை அணைத்துவிட்டு நான்கு கண்ணாடியையும் இறக்கியிருந்தோம். காற்றா வந்தது? முன்னால் நின்ற லாரியின் புகைதான் வந்தது. வெயில் நூறு டிகிரியை ஒட்டி. மதியத்துக்குமேல் எதிர்ப்பக்கச் சாலையையும் வடக்கே போகத் திறந்துவிட்டார்கள், அதில் ஏறவே எங்களுக்கு இடம் கிடைக்கவில்லை. அம்மா ரோடு மேப்பை நாலாக மடித்து விசிறிக்கொண்டு வந்தாள். காலையில் கொடுத்த தண்ணீர் பாட்டில் மடியில் அப்படியே இருந்தது. குடித்தால் இறங்க வேண்டி வரும் என்று உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு அது தெரியாது. கவனிக்கவில்லை என்று எழுதுவதுதான் சரி.

அப்படியும் ஒரு கட்டத்தில் முடியவில்லை. என் முழங்கையைத் தொட்டாள், ஒன்றும் சொல்லவில்லை. மரங்கள் தூரத்தில் இருந்தன, அவளால் அந்தச் சரிவில் இறங்க முடியாது. முன் கதவையும் பின் கதவையும் திறந்து வைத்தால் இரண்டு பக்கம் சுவராகிவிடும். மூன்றாவது பக்கத்துக்குப் பையிலிருந்து அம்மாவின் சுங்குடிப் புடவையை எடுத்தேன், அந்த நீலம், நீ வாங்கிக் கொடுத்தது. ஒரு முனையை நான் பிடித்தேன். இன்னொரு முனை காற்றில் பறந்தது. பக்கத்துக் காரிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்தாள். ஒன்றும் கேட்கவில்லை, முனையைப் பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றாள். பின்னால் இருந்த பிக்கப்காரர் தொப்பியை முகத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டார். ஊரில் மழைக்காலத்தில்கூடக் கொல்லைக்குக் குடை கேட்காமல் இருட்டும்வரை காத்திருக்கிறவள் அம்மா. நெடுஞ்சாலையில், பட்டப்பகலில்.

புடவையை மடித்துக்கொண்டே சொன்னாள், கோபமே இல்லாமல்: "அவ வீட்டுல மூணு பாத்ரூம் இருக்குடி."

நான் கத்தினேன். "அப்போ அங்கேயே போயிருக்க வேண்டியதுதானே, யார் உன்னை இழுத்துக்கிட்டு வந்தா" என்று. அந்தப் பெண் இன்னும் அங்கேதான் நின்றாள். தமிழ் தெரியாவிட்டாலும் குரல் தெரியுமே.

அம்மா வண்டியில் ஏறி உட்கார்ந்து, சேலையைச் சரி செய்துகொண்டு, மெதுவாக, இவருக்குக் கேட்காதபடி சொன்னாள்: "அவ எங்கயும் போகல. நேத்தே பேசிட்டேன்."

அதற்கு முந்தின ராத்திரி அம்மா கேட்டாள், பெரியவள் வீட்டுக்குப் போய்விடலாமா என்று. நீங்களும் கிளம்பிவிட்டீர்கள், வீடு பூட்டியிருக்கிறது என்று சொன்னேன். இவரும் பக்கத்தில் இருந்தார், இவருக்கும் அதே பொய்தான். நான் மாடியில் போட்டோ ஆல்பங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் உனக்குப் போன் செய்திருக்கிறாள். நீ வரச்சொல்லியிருக்கிறாய். இதை நீ அறிவாய். அவள் ஏன் வரவில்லை என்பதைத்தான் அறியமாட்டாய். அம்மா உன்னை விட்டுவிட்டு என்னோடு வந்தாள் என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருக்கிறாய். சாவு வீட்டிலும் அதைத்தான் சொன்னாய், சித்தியிடம், என் காதில் விழும்படி. அவள் என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை அக்கா. மாப்பிள்ளை எதிரில் என் பொய்யை உடைக்க மனசில்லாமல் வண்டியில் ஏறினாள். ஹன்ட்ஸ்வில் தாண்டி அந்த சர்ச்சில் படுக்க இடம் கிடைக்கும்வரை பேசவில்லை.

மன்னித்துக்கொள். எழுதிவிட்டேன்.

ஆனால் நீ? அம்மா போனை வைத்த பிறகு எனக்கு ஒரு போன் போட உனக்கு என்ன வந்தது? "ஏண்டி, நான் இங்கேதானே இருக்கேன்" என்று ஒரு வரி போதும். கிளம்புகிற பக்கம்தான் ரோடு அடைத்திருந்தது, எங்கள் பக்கம் வருகிற ரோடு காலியாகக் கிடந்தது. ராத்திரியே வந்து அழைத்துப் போயிருக்கலாம். நீ காத்திருந்தாய். நான் தப்பு செய்யட்டும் என்று காத்திருந்தாய் என்று எனக்குத் தோன்றாத செப்டம்பர் இல்லை. இது அநியாயமான பேச்சாக இருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும்.

இன்னொன்று. அந்தப் பயணத்தோடு அம்மா பாதி ஆளாகிவிட்டாள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாய். அதற்குப் பிறகு ஆறு வருடம் இருந்தாள், இரண்டு பேத்திகளுக்குச் சடங்கு செய்தாள். திரும்ப அமெரிக்கா வரவில்லை, அது உண்மை. வெள்ளிக்கிழமை காலை நாங்கள் வந்த அதே ஐ-45 நெடுஞ்சாலையில், டாலஸுக்குச் சற்று முன்னால், முதியோர் இல்லத்திலிருந்து ஆட்களை ஏற்றிவந்த பஸ் எரிந்தது. சக்கர பேரிங் காய்ந்து சூடேறித் தீப்பிடித்து, உள்ளே இருந்த ஆக்ஸிஜன் சிலிண்டர்கள் வெடித்து, 23 பேர். சர்ச்சில் யாரோ டிவியைப் போட்டார்கள், அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் புயலில் டெக்சஸில் செத்தவர்கள் நூற்றுக்கு மேல், பெரும்பாலும் தப்பிக்கக் கிளம்பிய வழியில். புயலோ கிழக்கே ஒதுங்கி லூசியானா எல்லைப் பக்கம் போய்விட்டது. உன் தெருவில் மழைகூடச் சரியாகப் பெய்யவில்லை என்று சொல்வாய். சொல்லியாகிவிட்டது, பல தடவை.

2008 ஐக் புயலுக்கு நீ கூப்பிட்டாய். "வா." ஒரே வார்த்தை. ஆஸ்டினில் ரூம் போட்டாகிவிட்டது என்றேன். அப்போது போட்டிருக்கவில்லை. வெறும் இரண்டாம் வகைதானே என்று இருந்தவர்கள் நிறையப் பேர், பொலிவர் பக்கம் கடல் வந்து வீடுகளைத் துடைத்துக்கொண்டு போனது. வகை என்பது காற்றின் கணக்கு, தண்ணீருக்கு அதில் இடமே இல்லை. என்னைப்போல ரோஷக்காரிகளுக்கும் இல்லை.

அப்புறம் ஹார்வி புயல். இதை எழுதத்தான் அதிகம் கூசுகிறது. 2017இல் ஆளுநர் கிளம்புவதை யோசியுங்கள் என்றார், மேயர் இத்தனை லட்சம் பேரை ரோட்டில் இறக்க முடியாது, வீட்டிலேயே இருங்கள் என்றார். ரீட்டாவைப் பார்த்த எந்த மேயரும் அப்படித்தான் சொல்லியிருப்பார். நீ இருந்தாய். வெள்ளம் வந்தால் மட்டும் நிரம்புகிற பார்க்கர் நீர்த்தேக்கத்தின் வயிற்றுக்குள் உங்கள் தெருவையே கட்டியிருக்கிறார்கள் என்பதை வீடு விற்றவர் யாரும் உனக்குச் சொல்லவில்லை. 1940களில் போட்ட கரை அது, மேற்கே நிலம் காலியாக இருந்த காலம். மழை விட்ட பிறகும் தண்ணீர் ஏறுகிறது, பின்கதவு வழியாகச் சத்தமில்லாமல் வருகிறது என்று குடும்பக் குரூப்பில் நீ போட்ட அந்த வீடியோ. படிக்கட்டில் இரண்டாவது படி காணவில்லை. நான் அனுப்பிய பதில் உனக்கு நினைவிருக்கும்: "நேற்றே ஏன் கிளம்பவில்லை?"

முப்பது பேர் இருக்கிற குரூப். படகில் ஏறும்போது அதைத்தான் படித்தாயாம். பதிலுக்கு ஒன்றும் போடவில்லை. குரூப்பை விட்டும் போகவில்லை. போயிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வருடம் பெரில் வந்தபோது முதல் வகை என்று வீட்டிலேயே இருந்துவிட்டோம். காற்று ஒரு பகலில் முடிந்தது, கரண்ட் வர ஐந்து நாள், ஜூலை வெயில். மையத்துக்கும் கரண்ட் இல்லை. பொட்டாசியம் ஏறாத சாப்பாடு, அளந்து அளந்து தண்ணீர் என்று இவரை மூன்று நாள் ஓட்டினேன். நான்காம் நாள் கண் இமை வீங்கியதைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது. இனிமேல் முடியாது. புயல் வளைகுடாவுக்குள் வந்ததும் ஒரு முறை முன்கூட்டியே டயாலிசிஸ் செய்து அனுப்புவார்கள். அன்றைக்கே கிளம்பினால் கூட்டம் இருக்காது, அடுத்த முறைக்கு உன் பக்கத்து மையம். கடல் புயல் என்றால் நாங்கள் அங்கே. ஹார்வி மாதிரி நின்று பெய்கிற மழைப் புயல் என்றால் நீங்கள் இங்கே. எங்கள் வாசலில் அன்றைக்குத் தண்ணீர் நடைபாதை விளிம்போடு நின்றது. அத்தானையும் அழைத்துக்கொண்டு வா.

வேண்டாம் என்றால் சொல்லிவிடு, படிவத்தை மாற்றிக்கொள்கிறேன். நர்ஸிடம் சொல்ல ஏதாவது பொய் கிடைக்காமலா போகும்.

அடுத்த வெள்ளிக்குள் தெரிந்தால் நல்லது. இவருக்கு மாடி ஏற முடியாது. ஹார்விக்குப் பிறகு கீழே இருந்த பாத்ரூமைத் திரும்பக் கட்டினாயா? அதை மட்டும் சொல். உன் பெண் வழியாகச் சொன்னாலும் போதும்.