மணிச்சுவரோடு திரும்பிவிட வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்கப் பயணம் குறித்துத் தங்கள் இதழில் வந்த கட்டுரை, மினசோட்டா மாநிலம் காலேஜ்வில்லில் உள்ள செயின்ட் ஜான்ஸ் மடத்தைப் படமெடுக்க ஏற்ற இடம் என்று ஒரே வரியில் கடந்துவிட்டது. அங்குச் சென்று வந்தவன் என்ற முறையில் எனக்கு அது பெரும் குறையாகப் படுகிறது.

1856-இல் பென்சில்வேனியாவிலிருந்து வந்த பெனடிக்டைன் என்னும் கத்தோலிக்கத் துறவற சபையினர் நிறுவிய இம்மடமும், அடுத்த ஆண்டு அவர்கள் தொடங்கிய கல்லூரி வளர்ந்து உருவான பல்கலைக்கழகமும் இன்று ஒரே வளாகத்தில் இயங்குகின்றன. கட்டடக் கலைஞர் மார்செல் பிராயர் வடிவமைத்து 1961-இல் கட்டி முடிக்கப்பட்ட தேவாலயமும், அதன் முன் 112 அடி உயரத்தில் எழும், மணிகள் தொங்கும் கான்கிரீட் மணிச்சுவரும் முதலில் கண்ணில் படுவது இயல்புதான். ஆனால், வருவோரில் பலர் அதனோடு திரும்பிவிடுகின்றனர்.

அவர்கள் காணத் தவறுவது அதே வளாகத்திலுள்ள ஹில் கையெழுத்துச் சுவடி நூலகத்தை. இரண்டாம் உலகப் போரின் அழிவையும் அணுப்போர் அச்சத்தையும் கண்ட இத்துறவியர், 1965-இல் ஆஸ்திரிய மடங்களின் சுவடிகளை நுண்படச்சுருளில் (மைக்ரோஃபிலிம்) பதியத் தொடங்கினர். பின்னர் எத்தியோப்பியா, ஈராக், மாலி, நம் அண்டை மாநிலமான கேரளம் எனப் பணி விரிந்தது. ஈராக்கில் 2014-க்குப் பின் மூலச் சுவடிகள் பல அழிந்தும் காணாமலும் போன நிலையில், அவற்றுக்கு இன்று எஞ்சியிருப்பவை அந்தப் படங்களே. மதம் பாராமல் இஸ்லாமியச் சுவடிகளையும் அதே அக்கறையோடு காக்கிறார்கள் என்பதை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

1998-இல் மடமும் பல்கலைக்கழகமும் பணித்து, கையெழுத்துக் கலைஞர் டொனால்ட் ஜாக்சன் தலைமையில் கன்றுத்தோலில் இறகுப் பேனாவால் எழுதி 2011-இல் முடிக்கப்பட்ட விவிலியமும் இங்கேதான் உள்ளது. ஓரிடத்தில் எழுத்தர் விட்டுவிட்ட வரியைப் பக்கத்தின் அடியில் எழுதி, அதை ஒரு தேனீ கப்பிக் கயிற்றால் உரிய இடத்துக்கு இழுத்துச் செல்வதுபோல் வரைந்திருக்கிறார்கள். விடுபட்டதை மறைக்காமல் அழகாக்கிய அந்த நேர்மையின் முன் நெடுநேரம் நின்றேன்.

துறவியரின் பொது வழிபாட்டில் எவரும் அமரலாம். விவிலியத்தின் சங்கீதப் பாடல்களை அவர்கள் வரிக்கு வரி இடைவெளி விட்டு நிதானமாக ஓதுவதைக் கேட்டால்தான், இது காட்சிப்பொருளாகிவிட்ட பழங்கட்டடமன்று, மனிதர்கள் வாழும் இல்லம் என்பது புரியும்.

கேரளத்துச் சிரியக் கிறிஸ்தவச் சுவடிகளும் அங்கே பதிவாகியிருப்பதால், அந்நூலகத்தைப் பற்றித் தனிக் கட்டுரையொன்றை விரைவில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
மினியாபொலிஸ்