டல்லாஸுக்கு மூன்றாவது இடமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்கத் தென்மாநில நகரங்களின் ஸ்கைலைன், அதாவது வானத்தை ஒட்டித் தெரியும் கட்டட வரிசை, பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை ஆசையாக, இரண்டாம் முறை கையில் பென்சிலோடு. அட்லாண்டா முதலிடம், ஹூஸ்டன் இரண்டாமிடம், டல்லாஸ் மூன்றாமிடம் என்று வரிசை போட்ட கட்டுரையாளர் அதற்குச் சொல்லும் காரணம் ஒன்றே ஒன்றுதான்: ஊரின் மிக உயர்ந்த கட்டடம் எத்தனை அடி என்பது. டிரில் பீரியடில் பையன்களை உயரவாரியாக நிற்க வைப்பது போல இருக்கிறது.

சரி, அந்தக் கணக்கையே பார்ப்போம். அட்லாண்டாவின் பேங்க் ஆஃப் அமெரிக்கா பிளாசா 1992ல் முடிந்தது, 1,023 அடி. ஹூஸ்டனின் ஜேபி மார்கன் சேஸ் டவர் 1982ல் முடிந்தது, 1,002 அடி. ஆனால் அட்லாண்டாக் கட்டடத்தில் இருப்பது 55 மாடி, ஹூஸ்டனில் 75 மாடி. இருபது மாடி குறைவாக வைத்துக்கொண்டு உயரத்தில் முந்துகிறது என்றால், உச்சியைப் பார்க்க வேண்டும். கம்பிக்கூடு போல ஒரு கூம்பு, அதன் மேல் தங்க ரேக்கு ஒட்டிய ஊசி. கலசத்தையும் சேர்த்து அளந்த உயரம் அது. தப்பென்று சொல்ல மாட்டேன், நம் ஊரிலும் அப்படித்தான் அளக்கிறோம். ஆனால் அந்தக் கட்டடம் டவுன்டவுன் என்னும் நகர மையத்தின் நடுவில்கூட இல்லை, டவுன்டவுனுக்கும் மிட்டவுன் பகுதிக்கும் இடையில் தனியாக நிற்கிறது. இதற்கிடையில் ஆஸ்டினில் வாட்டர்லைன் என்ற 74 மாடிக் கட்டடம் எழும்பி, ஹூஸ்டன் டவரிடமிருந்து டெக்சாஸின் உயரப் பட்டத்தைப் பறித்துவிட்டது. அட்லாண்டாவுக்கும் அதற்கும் வித்தியாசம் ஓரிரு அடிதான். அதற்காக அடுத்த இதழில் பட்டியலை மாற்றிப் போடுவீர்களா?

நான் ஸ்ரீரங்கத்தில் பிறந்தவன். 236 அடி ராஜகோபுரத்தைத் தெற்கு வாசலில் நின்று அண்ணாந்தால் கழுத்துதான் வலிக்கும். திருச்சியிலிருந்து வரும்போது காவிரிப் பாலத்தில் பஸ் ஏறியதும் தென்னைகளுக்கு மேலே அது எழும்பி நிற்கும் பாருங்கள், அதுதான் காட்சி. நடுவில் ஆறு இருப்பதால்தான் அப்படித் தெரிகிறது. ஸ்கைலைனும் அப்படித்தான் என்பது என் கட்சி. கட்டடங்கள் பாதி, அவற்றுக்கு முன்னால் யாரும் எதையும் கட்டாமல் விட்ட இடம் மீதிப் பாதி.

டல்லாஸுக்கு அந்த இடத்தைக் கொடுத்தது ஒரு வெள்ளம். 1908ல் டிரினிட்டி ஆறு பெருக்கெடுத்து ஊருக்குள் புகுந்தது. பிறகு அந்த ஆற்றையே டவுன்டவுனிலிருந்து மேற்கே தள்ளி, இரண்டு பக்கமும் உயரமாகக் கரை கட்டினார்கள். இரு கரைகளுக்கும் நடுவில் பரந்த புல்வெளி. மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும், மற்ற நாட்களில் கொக்குகள் நிற்கும், வீடு கட்ட முடியாது. அதன் மேலே காண்டினென்டல் அவென்யூவின் பழைய பாலத்தை 2014 முதல் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் மட்டும் என்று விட்டுவிட்டார்கள். பக்கத்திலேயே ஸ்பெயின் கட்டடக் கலைஞர் கலட்ராவா வடிவமைத்த புதிய பாலத்தின் வெள்ளை வளைவு. சூரியன் இறங்கும் நேரத்தில் அந்தப் பழைய பாலத்தில் நின்று கிழக்கே பார்த்தால் முழு டவுன்டவுனும் மறைப்பில்லாமல் தெரியும். 921 அடி பேங்க் ஆஃப் அமெரிக்கா பிளாசா (அட்லாண்டாக் கட்டடத்தின் அதே பெயர், கட்டடம் வேறு), 1985ல் முடிந்தது. அதன் விளிம்புகளில் பச்சை விளக்குக் கோடு. உச்சிக்குக் கீழே ஊசிக்காது போல ஓட்டை விட்ட, முன்பு சேஸ் டவர் என்று பெயர் இருந்த கட்டடம். பக்கத்துக்குப் பக்கம் வேறு உருவம் காட்டும், கண்ணாடியைச் சீவி வைத்தது போன்ற ஃபவுண்டன் பிளேஸ். வலது ஓரத்தில் பந்தைக் குச்சியில் செருகியது போல 561 அடி ரீயூனியன் டவர். என் அப்பா முதல் முறை வந்தபோது ஒரு ராத்திரி அங்கே கூட்டிப்போனேன். சற்று நேரம் பார்த்துவிட்டு, “கல்யாண வீட்டுக்குச் சீரியல் பல்பு போட்டிருக்கான்” என்றார். கேலியா பாராட்டா என்று இன்றுவரை கேட்கவில்லை.

டல்லாஸ்காரன் டல்லாஸைத்தான் தூக்கிப் பிடிப்பான் என்று கட்டுரையாளர் நினைக்கலாம். இங்கே வருவதற்கு முன் ஒன்பது வருடம் ஹூஸ்டனில் குப்பை கொட்டியவன் நான். தனித்தனிக் கட்டடங்களாக எடுத்தால் ஹூஸ்டனை டல்லாஸ் நெருங்கவே முடியாது, இதை வெளிப்படையாகவே ஒப்புக்கொள்கிறேன். 1971ல் முடிந்த 50 மாடி ஒன் ஷெல் பிளாசாவை எடுத்துக்கொள்ளுங்கள். டாக்காவில் பிறந்த பொறியாளர் ஃபஸ்லுர் கான் கணக்குப் போட்ட கட்டடம். பாரம் அதிகம் தாங்கும் தூண்களைத் தடிமனாக்கியதில் சுவரே மெல்ல அலையடிப்பது போலத் தெரியும். அலங்காரம் இல்லை, பாரத்தின் வடிவம் அது. அப்புறம் கட்டடக் கலைஞர் பிலிப் ஜான்சனின் பென்சாயில் பிளேஸ், 1975. கருத்த கண்ணாடியில் இரட்டைக் கோபுரம், இரண்டுக்கும் இடையே பத்தே அடி இடைவெளி. தினமும் காரில் வேலைக்குப் போகும்போது அந்த இடைவெளி திறக்கும், ஒரு கீற்று வானம் தெரியும், மூடிக்கொள்ளும். காலை டிராஃபிக்கில் எனக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம்.

ஆனால் சேர்த்துப் பார்க்கும்போது ஹூஸ்டன் சிதறிப்போகிறது. நிலப் பயன்பாட்டுக்கு மண்டலம் பிரிக்கும் சட்டம் அங்கே கிடையாது. அதனால் டவுன்டவுனுக்கு வெளியே, கேலரியா என்ற வணிக வளாகத்தின் பக்கம் 901 அடி வில்லியம்ஸ் டவர் தன்னந்தனியாக நின்று ராத்திரியெல்லாம் சுழல் விளக்கைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. மருத்துவமனைகள் சேர்ந்த மெடிக்கல் சென்டர் இன்னொரு டவுன்டவுன் போலத் தெரிகிறது. எது அசல் என்று வெளியூர்க்காரர்கள் குழம்புவார்கள். எண்ணெய்ப் பணம் பொங்கியபோது எழுந்தவை இவை. தேதிகளைப் பாருங்கள்: ஜேபி மார்கன் சேஸ் டவர் 1982, வெல்ஸ் ஃபார்கோ பிளாசா 1983, வில்லியம்ஸ் டவர் 1983. 1,400 அடிக்கு இன்னொன்று கட்டவும் திட்டம் இருந்தது. எண்ணெய் விலை சரிந்ததும் அது காகிதத்தோடு நின்றுவிட்டது. அதன் பிறகு இன்றுவரை அந்த ஊரில் 1,002 அடியை யாரும் தாண்டவில்லை. வெயிலுக்குப் பயந்து டவுன்டவுனுக்கு அடியில் சுமார் ஆறு மைலுக்குச் சுரங்க நடைபாதை வேறு. மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் பூமிக்கு அடியில் போய்விடுவார்கள், மேலே கட்டடங்கள் மட்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும். பஃபலோ பாயூ என்ற ஓடையின் ஓரத்துப் பூங்காவில் நின்றால் மட்டும் மனது கொஞ்சம் மாறும், ஏனென்றால் அங்கே முன்னால் புல்வெளி உண்டு.

முதலிடம் கொடுத்த அட்லாண்டாவுக்கு வருகிறேன். பீச்ட்ரீ ஸ்ட்ரீட் ஓடும் மேட்டு வழியாக டவுன்டவுன், மிட்டவுன், பக்ஹெட் என்று மூன்று கொத்துகளாகக் கோத்த ஊர் அது. மரங்கள் அடர்ந்து கிடப்பதால் எங்கிருந்து பார்த்தாலும் பாதி மறைந்துவிடும். படம் எடுக்கிறவர்கள் எல்லாம் ஜாக்சன் ஸ்ட்ரீட் பாலத்துக்கே போய் முட்டிக்கொள்வது அதனால்தான். அங்கே முன்னால் கிடக்கும் காலியிடம் ஒரு ஃப்ரீவே. கட்டடக் கலைஞர் ஜான் போர்ட்மேன் கட்டிய 73 மாடி உருளையான வெஸ்டின் ஹோட்டலை, ஓடும் கார் விளக்குகளுக்கு மேலே வைத்துப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு பாலத்தை நம்பி முதலிடம் கொடுக்க எனக்கு மனமில்லை.

பார்வையை மறைக்காமல் விடும் இந்த விஷயத்தை ஆஸ்டினில் சட்டமாகவே எழுதி வைத்தார்கள். 1983ல் வந்த மாநிலச் சட்டப்படி, ஊரின் குறிப்பிட்ட இடங்களிலிருந்து கேபிட்டல் என்ற மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தின் குவிமாடம் தெரிந்தாக வேண்டும், அந்தப் பார்வைக் கோட்டை எந்தக் கட்டடமும் மறைக்கக் கூடாது. எனவே புதிய டவர்கள் எல்லாம் அந்தக் கோடுகளுக்கு இடையில் ஒதுங்கி எழும்புகின்றன. கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்று வருத்தம்.

மயாமியை நான்காவதாகத் தள்ளியதிலும் எனக்குச் சண்டை உண்டு. உயர்ந்த கட்டடங்களின் எண்ணிக்கையில் அமெரிக்காவில் நியூயார்க்குக்கும் சிகாகோவுக்கும் அடுத்தது மயாமிதான். பக்கத்திலேயே விமான நிலையம் இருப்பதால் உயரத்துக்குக் கட்டுப்பாடு வேறு. முன்னால் பிஸ்கேன் விரிகுடா. முன்வெளி என்றால் அதைவிட வேறென்ன வேண்டும்? இருந்தும் அபார்ட்மென்ட் கட்டடங்கள் எல்லாம் ஒரே உயரத்தில், ஒரே கண்ணாடியில் வரிசையாக நிற்பதால் பல்செட் போலத் தோன்றுகிறது, ஒன்றுகூட நினைவில் நிற்பதில்லை. என்றாலும் இரண்டாமிடம் கொடுப்பேன். சார்லட்டில் டவுன்டவுனையே அப்டவுன் என்பார்கள். கட்டடக் கலைஞர் சீசர் பெல்லி கட்டிய வங்கித் தலைமையகத்தின் மகுடம் அழகு, மற்றவை அதற்குத் துணை. நாஷ்வில்லில் இரண்டு காது வைத்த பேட்மேன் கட்டடம், குழந்தைகளுக்குப் பிடிக்கும். கட்டுரையில் விட்டுப்போன நியூ ஆர்லியன்ஸில் 1972ல் கட்டிய 697 அடிக் கட்டடம்தான் இன்னும் உயரம். ஆற்றின் அக்கரையில் உள்ள அல்ஜியர்ஸ் பகுதிக்குப் போகும் ஃபெரியில் ஏறி நடு மிசிசிப்பியிலிருந்து ஒரு முறை பாருங்கள்.

கடைசியாக ஒன்று. கட்டுரையின் முதல் பக்கத்தில் முழு அகலத்துக்கு ஒரு ராத்திரிப் படம் போட்டு, கீழே ‘ஹூஸ்டன் நகரம்’ என்று அச்சிட்டிருந்தீர்கள். பச்சை விளக்குக் கோடு போட்ட கட்டடமும், வலது ஓரத்தில் குச்சியில் செருகிய பந்தும் அதில் தெளிவாகத் தெரிகின்றன. வரிசை போட்டவர் யாரோ எனக்குத் தெரியாது. படத்தைத் தேர்ந்தெடுத்தவருக்கு என் நன்றியைச் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஸ்ரீரங்கத்து வாசகன்,
பிளேனோ, டெக்சாஸ்.