மலையில் உழைப்பவரின் நேரமும் கணக்கில் வர வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐஸ்லாந்தில் வாரத்துக்கு நான்கு நாள் வேலை என்ற முறை வந்துவிட்டது என்றும், அதெல்லாம் பணக்கார நாடுகளுக்குத்தான் கட்டுப்படியாகும் என்றும் தமிழ் ஊடகங்களில் அவ்வப்போது எழுதப்படுகிறது. முதலில் சொல்லப்படுவது தவறு. இரண்டாவது, அந்த நாட்டின் நூறாண்டு வரலாற்றைப் படித்தவர் ஒப்புக்கொள்ள முடியாத கருத்து. நீலகிரியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற நான், அந்த வரலாறு நம் மலைக்கு ஏன் பொருந்தும் என்பதைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

ஐஸ்லாந்தின் மக்கள்தொகை ஏறத்தாழ நான்கு லட்சம். நீலகிரி மாவட்டத்தில் மட்டும் 2011 கணக்கெடுப்பின்படி 7.35 லட்சம் பேர் வாழ்கிறார்கள். அவர்களுக்கு மீனும் சுற்றுலாவும் பிழைப்பு என்றால் நமக்குத் தேயிலையும் சுற்றுலாவும். கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த நாட்டு இழுவலை மீன்பிடிக் கப்பல்களில் வேலை பார்த்தவர்கள், மீன் அகப்படும் காலத்தில் இரவு பகல் பாராமல், சில வேளைகளில் நாள்கணக்கில் கண் மூடாமல் உழைத்தார்கள். 1921-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, ஒரு நாளில் குறைந்தது 6 மணி நேர ஓய்வை அவர்களுக்கு உறுதி செய்தது. 1928-இல் அது 8 மணி நேரமாயிற்று. அப்போது ஐஸ்லாந்து செல்வம் கொழித்த நாடன்று. 1918-இல்தான் தனி அரசாக ஏற்கப்பட்டிருந்த, ஐரோப்பாவின் ஏழை நாடுகளுள் ஒன்று. வசதி வந்த பிறகு ஓய்வு கொடுக்கலாம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை என்பதும், யாருடைய நிலை மிக மோசமாக இருந்ததோ அவர்களிடமிருந்து தொடங்கினார்கள் என்பதும் எனக்கு இந்த வரலாற்றிலேயே மிக முக்கியமாகப் படுகின்றன.

1971-இல் வாரத்துக்கு 40 மணி நேரம் என்ற சட்டம் வந்தது. ஆனால் சட்டத்தில் இருந்த எண் வேறு, மக்கள் உழைத்த நேரம் வேறு. ஓவர்டைம் பார்த்தால்தான் குடும்பம் நடக்கும் என்ற நிலை இருந்ததால், 1990-களில்கூட ஆண்களின் வார உழைப்பு சராசரியாக 50 மணி நேரத்தை ஒட்டியே இருந்தது. இது தெரியவந்ததற்குக் காரணம், 1991 முதல் அந்நாட்டுப் புள்ளியியல் துறை ஆய்வு நடத்தி, ஒருவர் உண்மையில் எத்தனை மணி நேரம் வேலை செய்தார் என்பதைத் தொடர்ந்து பதிவு செய்துவந்ததுதான். 2015-க்கும் 2019-க்கும் இடையே தலைநகர் ரெய்க்யவிக் மாநகராட்சியிலும் பின்னர் அரசு அலுவலகங்களிலும் நடந்த சோதனைகளில் சுமார் 2,500 பேர், ஊதியம் குறையாமல், வாரத்துக்கு 35 அல்லது 36 மணி நேரம் வேலை செய்தனர். அதைத் தொடர்ந்து தொழிற்சங்கங்கள் செய்துகொண்ட ஒப்பந்தங்களில் கடை ஊழியர்களுக்கும் அலுவலக ஊழியர்களுக்கும் கிடைத்தது நாளொன்றுக்கு 9 நிமிடக் குறைப்பு. இரவும் பகலும் மாறி மாறி ஷிஃப்ட் பார்க்கும் அரசு ஊழியர்களுக்கோ வாரத்துக்கு 32 மணி நேரம் வரை குறைக்க வழி பிறந்தது. நான்கு நாள் வாரம் என்று இங்கே எழுதப்பட்டது இதைத்தான். மருத்துவமனைகளில் கூடுதல் ஆட்களை நியமிக்க அரசு செலவு செய்ய வேண்டியிருந்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இனி நம் மலைக்கு வருகிறேன். 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் முதலில் வாரத்துக்கு 54 மணி நேரம் வரை வேலை வாங்க அனுமதித்தது. 1981-இல் செய்யப்பட்ட திருத்தம் அதை 48 ஆக்கியது. அதற்குப் பிறகு நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் 48 என்ற எண் கீழே இறங்கவில்லை. மாறாக, 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா நிறைவேறியது. கடும் எதிர்ப்புக்குப் பின், அது திரும்பப் பெறப்படுவதாக மே தினத்தன்று முதலமைச்சர் அறிவித்தார். சென்னையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடிச் சரியாக நூறாண்டு நிறைந்த நாள் அது.

தோட்டத்தில் கூலிக் கணக்கு இலையின் எடையைச் சுற்றியே நடக்கிறது. நாளொன்றுக்கு இத்தனை கிலோ, அதற்கு மேல் பறித்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று சீட்டில் இருக்குமே தவிர, எத்தனை மணிக்கு மலை ஏறினார், எத்தனை மணிக்கு எடை போட்டு முடித்தார் என்பது எங்கும் இருக்காது. இலை மிகுதியாக வரும் மாதங்களில் எடை போடும் இடத்தில் சாக்குகளுடன் வரிசையில் நிற்கும் பெண்களை இந்த மலையில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். தொழிற்சாலையிலும் அந்த மாதங்களில் இயந்திரம் நள்ளிரவு தாண்டி ஓடும், ஏனெனில் பறித்த இலை காத்திருக்காது. ஆனால் 1951 சட்டமே, ஒருவரின் வேலை நாள், ஓய்வு இடைவேளையையும் வேலைக்காகக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து, 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு கட்டியிருந்தது. காத்திருப்பதும் தொழிலாளியின் நேரம்தான் என்பதை எழுபது ஆண்டுகளுக்கு முன்பே சட்டம் எழுதியவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

இலை பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வீடு திரும்பியதும் விறகு, தண்ணீர், அடுப்பு என்று அடுத்த வேலை தொடங்கிவிடுகிறது. 2019-இல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்கு 299 நிமிடங்களும், ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுகிறார்கள். ஐஸ்லாந்துப் பெண்களில் சுமார் 90 விழுக்காட்டினர் 1975 அக்டோபர் 24 அன்று சம்பள வேலையையும் வீட்டு வேலையையும் ஒருசேர நிறுத்தி, இந்தக் கணக்கில் வராத உழைப்பை நாட்டுக்கே காட்டினார்கள்.

சீசனில் விடுதிகளிலும் காட்டேஜ்களிலும் வேலை பார்க்கும் இளைஞர்களின் நிலையும் எனக்குக் கவலை தருகிறது. ஏப்ரல், மே மாதங்களில் ஊட்டியிலும் குன்னூரிலும் விடியற்காலை அறையைத் துடைத்தவரே நள்ளிரவில் வரும் விருந்தினருக்கும் கதவு திறக்கிறார். வேன் ஓட்டுநர்களுக்கு 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம் என்று அன்றே வரம்பு வைத்திருந்தும், இரவெல்லாம் சமவெளியிலிருந்து வண்டி ஓட்டி வந்தவர் தூங்காமலே கல்லட்டிச் சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க நேர்ந்தால், ஆபத்து அவருக்கு மட்டுமன்று. ஐரோப்பிய வேலைநேர விதிகளின்படி ஒரு நாள் வேலைக்கும் மறுநாள் வேலைக்கும் இடையே 11 மணி நேரத் தொடர் ஓய்வு தரப்பட வேண்டும். ஐஸ்லாந்தும் அதைப் பின்பற்றுகிறது. உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே முதல் இ-பாஸ் வழியாக, மலை ஏறும் வண்டிகளை நாம் எண்ணிவருகிறோம். வண்டியை எண்ண முடிந்த நிர்வாகத்தால் அதை ஓட்டி வருபவரின் ஓய்வு நேரத்தையும் கேட்டுப் பதிவு செய்ய முடியும்.

பசுந்தேயிலைக்குக் கட்டுப்படியான விலை கிடைக்காமல் போராடும் சிறு விவசாயியிடம் போய் நாளையே நேரத்தைக் குறை என்று நான் கேட்கவில்லை. அவரும் அவர் வீட்டாருமே தோட்டத்தில் பாடுபடுகிறவர்கள். தொழிலாளர் துறையிடம் நான் கேட்பது இவைதாம்: பெரிய தோட்டங்களிலும் தொழிற்சாலைகளிலும் கூலிச் சீட்டில் கிலோவோடு, வேலை தொடங்கிய நேரமும் எடை போட்டு முடித்த நேரமும் எழுதப்பட வேண்டும். கூலி உயர்வுக்கான முத்தரப்புப் பேச்சுவார்த்தையில் இந்த நேரக் கணக்கும் மேசைக்கு வர வேண்டும். சீசன் மாதங்களில் விடுதிகளில் ஊழியரின் ஓய்வு நேரப் பதிவேடு இருக்கிறதா என்று ஆய்வாளர்கள் நேரில் சென்று பார்க்க வேண்டும். அடுத்த சீசன் தொடங்கும் முன் இதற்கான சுற்றறிக்கையை மாவட்ட நிர்வாகம் வெளியிட வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழிற்சாலைக் கணக்கர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்